பிரெனீஸை எந்த வாசல் வழியாகத் தாண்டுவது? தனியாகச் சைக்கிளில் பிரான்சிலிருந்து ஸ்பெயினுக்கு

பிரான்சுக்குள் சைக்கிள் ஓட்ட வழி கண்டுபிடிப்பது பெரிய காரியமே இல்லை. ஆற்றங்கரை, கால்வாய்க்கரை, கைவிட்ட ரயில் தடம் என்று நாடு முழுக்கப் பாதை போட்டுப் பலகையும் நட்டு வைத்திருக்கிறார்கள். தலைவலி தெற்கே போன பிறகுதான். அட்லாண்டிக் கடலுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே நானூறு கிலோமீட்டருக்கு மேல் பிரெனீஸ் மலைத்தொடர் குறுக்கே கிடக்கிறது. மேற்கு ஓரம், கிழக்கு ஓரம், நடுவிலுள்ள கணவாய்கள். இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்தாக வேண்டும். பிரான்சில் எந்த ஊரில் இறங்குவது, எந்த மாதம் கிளம்புவது, ஸ்பெயினில் எங்கே முடிப்பது எல்லாம் அந்தத் தேர்வைப் பொறுத்தவை.

வழக்கமாக இவற்றை ஏற்றத்தை வைத்தும் காட்சியை வைத்தும் ஒப்பிடுவார்கள். கூட்டமாகப் போகிறவர்களுக்கு அது போதும். தனியாகப் போகிறவருக்குக் கணக்கு வேறு. ஓட்டல் அறையில் ஒருவர் தங்கினாலும் இருவர் தங்கினாலும் ஏறக்குறைய அதே வாடகைதான். அதனால் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிற இடம் வழியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதிர்க்காற்று அடித்தால் ஒளிந்துகொள்ள முன்னால் இன்னொருவர் முதுகு கிடையாது. கடைக்குள் போனால் வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. செயின் அறுந்தாலோ முழங்கால் மக்கர் செய்தாலோ எட்டும் தூரத்தில் ரயில் நிலையம் இருந்தால் பிழைத்தோம். அப்புறம், மூன்று நாள் யாரிடமும் பேசாமல் ஓட்டினால் நான்காம் நாள் நம் மனது எப்படி இருக்கும் என்பதும் ஒரு கேள்வி. இப்படிப் பார்த்தால், வரைபடத்தில் சுலபமாகத் தெரிகிற வழி அவ்வளவு சுலபமில்லை; பயமுறுத்துகிற வழியில் அவ்வளவு பயமுமில்லை.

முதலில் மேற்கு ஓரம். பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரித்தானி பகுதியின் ரோஸ்கோஃப் துறைமுகத்தில் தொடங்கி ஸ்பெயின் எல்லையிலுள்ள ஆந்தாய் வரை ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் ஓடும் வழி இது. வெலோடிசே என்று பெயர் வைத்து 2012-இல் திறந்தார்கள். நார்வேயிலிருந்து போர்ச்சுகல் வரை போகும் யூரோவெலோ 1 என்ற நெடும்பாதையின் பிரெஞ்சுத் துண்டுதான் அது. பெரும்பகுதியில் கார் வராது. முழுதும் ஓட்ட விடுமுறை இல்லாதவர்கள் நாந்த் நகரில் தொடங்கலாம், பாரிசிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரச் சொச்சம். அங்கிருந்து கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வாந்தேயின் உப்பளங்கள், சதுப்பு நிலங்கள், லா ரொஷேல் துறைமுகக் கோபுரங்கள் என்று இறங்கி ருவாயான் வந்தால் ஜிரோந்த் ஆற்றின் கழிமுகம் குறுக்கிடும். சைக்கிளோடு படகில் ஏறி அரைமணிக்குள் அக்கரை போய்விடலாம்.

அக்கரையில் பைன் காடு ஆரம்பிக்கிறது, எளிதில் முடியாது. லாந்த் பகுதி ஒரு காலத்தில் ஆடு மேய்க்கிற சதுப்பு நிலம். 1857-இல் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் சட்டம் போட்டு, நீரை வடித்து, பைன் நட்டார்கள். அதனால்தான் மரங்கள் வரிசை பிடித்து நிற்கின்றன, பாதையும் கோடு கிழித்ததுபோல் நேராகப் போகிறது. மெடோக் பக்கம் சில பாதைகள் இரண்டாம் உலகப் போரில் கடற்கரை அரண்களுக்காக ஜெர்மானியர் போட்ட கான்கிரீட் தடங்கள். ஒரு பலகை முடிந்து அடுத்தது தொடங்குகிற இணைப்பில் முன்சக்கரம் 'டக்', பின்சக்கரம் 'டக்', பைக்குள் கிடக்கும் அடுப்பு 'டங்'. ஒரு மணி நேரம் ஓட்டினால் இந்தத் தாளம் தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தார் போட்ட இடங்களில் பைன் வேர் கீழிருந்து முட்டித் தூக்கியிருக்கும். கடலோர ஊர்களுக்குப் பக்கத்தில் காற்று கொண்டுவந்த மணல் பாதையில் படிந்திருக்கும். அது எண்ணெய் போட்ட செயினில் ஒட்டினால் அரைக்கிற சத்தம் கேட்கும். பழைய துணி ஒன்று கையில் இருக்கட்டும், தினமும் சாயங்காலம் துடைத்துவிடுங்கள்.

சமதளம் என்றால் சுகம் என்று நினைப்போம். அது பாதி உண்மை. சமதளத்தில் இறக்கமே கிடையாது. மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நிற்கும். காலை முதல் மாலை வரை அதே கியர், அதே உட்காரும் நிலை. ஏற்றத்தில் தொடை வலிக்கும். இங்கே உட்காருகிற இடம் வலிக்கும். ஆனால் பழக்கமில்லாதவர் உடம்பைப் பதப்படுத்த இதைவிட நல்ல பாதை கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். வழி தவறாது, பின்னால் லாரி வராது, கூடாரம் போடும் முகாம்களுக்குப் பஞ்சமில்லை. ஆகஸ்டில் முகாம் நிரம்பியிருந்தாலும் சின்னக் கூடாரத்தோடு சைக்கிளில் வந்து நிற்கிற ஒற்றை ஆளுக்குப் பல இடங்களில் ஒரு மூலை ஒதுக்கித் தருவார்கள். செப்டம்பர் நடுவுக்கு மேல் கதை மாறும். கடலோர முகாம்கள் ஒவ்வொன்றாக மூட ஆரம்பிக்கும்.

கோடையில் தீ அபாயத்தைக் கணக்கில் வைக்க வேண்டும். 2022 ஜூலையில் லா தெஸ்த்-த-புஷ், லாந்திராஸ் இரண்டு இடங்களிலும் சேர்த்து 20,000 ஹெக்டேருக்கு மேல் காடு எரிந்தது. அனல் அதிகமான நாட்களில் காட்டுக்குள் நுழையத் தடை போடுவார்கள், சைக்கிள் பாதையும் அதில் சேர்த்தி.

இந்த வழியின் பெரிய குறையைச் சுற்றுலாக் கையேடு எழுதாது. பேச ஆள் கிடைக்க மாட்டார்கள். சுற்றியிருப்பது காரில் வந்த குடும்பங்கள். மாலையில் அவர்கள் மேசை போட்டுச் சாப்பிடுவதை நாம் கூடாரத்து வாசலில் உட்கார்ந்து பார்க்கலாம். போன்ழூர், மெர்சி தவிர வாயிலிருந்து வேறு சொல் வராத நாட்கள் வரும். தனிமையைத் தேடிப் போகிறவருக்கு இதுவே வரம், சரி. தனிமை பழகாதவருக்கு அலுப்பு இங்கேதான் தட்டும்.

ஆந்தாயில் பிதசோவா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் எதிரே ஸ்பெயினின் இருன். மலை எங்கே என்று தேட வேண்டியிருக்கும். ஆனால் ஏற்றத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறோமே தவிர, அது தள்ளுபடி ஆகவில்லை. பம்ப்லோனா 450 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, புர்கோஸ் 860 மீட்டரில். உள்நாட்டுக்குப் போக வேண்டுமென்றால் எங்காவது ஏறியே தீர வேண்டும். கடலோரமாகவே பில்பாவோ பக்கம் போகலாமே என்றால், பாஸ்க் கடற்கரை ரம்பத்தின் பற்கள் மாதிரி. ஓர் ஊருக்கு இறங்கி அடுத்த ஊருக்கு ஏறி நாள் முழுக்க அதே கதை. சேர்த்துக் கூட்டினால் ஒரு கணவாய் ஏறியதைவிட அதிகமாக வந்துவிடும். மற்றொரு வழி பழைய பிதசோவா ரயில் தடம். ஆற்றை ஒட்டி, சுரங்கங்களுக்குள் புகுந்து நாற்பது கிலோமீட்டர் போல நவார் மாநிலத்துக்குள் மெல்ல ஏறும். விளக்கு அவசியம். அதன் முடிவில் 847 மீட்டர் உயரமுள்ள பெலாத்தே கணவாயைத் தாண்டினால் பம்ப்லோனா பக்கம். நல்ல வழிதான். ஆனால் அவ்வளவு ஏறத் தயார் என்றால், பயோனிலேயே வேறு பக்கம் திரும்பியிருக்கலாமே என்பது என் கட்சி.

பயோனிலிருந்து நீவ் ஆற்றை ஒட்டி ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போனால் சேன்-ழான்-பியே-தெ-போர். மலையடிவாரக் கோட்டை ஊர். மழை பிடித்துக்கொண்டால் பயோனிலிருந்து சைக்கிளை ஏற்றிக்கொண்டு போகச் சின்ன ரயிலும் இருக்கிறது. இங்கிருந்து இபான்யெத்தா கணவாய் 1,057 மீட்டர் உயரத்தில். ஊர் 170 மீட்டர்தான். ஏறக்குறைய தொள்ளாயிரம் மீட்டர் ஏற்றம் என்றதும் பலர் பின்வாங்கி ஆந்தாய்க்குப் போய்விடுகிறார்கள். ஏற்றம் செங்குத்தல்ல என்பதை அந்த எண் காட்டாது. ஆர்னெகியில் எல்லைப் பாலம்; சரக்கும் சிகரெட்டும் மலிவாக விற்கும் கடைகள். அடுத்து வல்கார்லோஸ் கிராமம். உண்மையான ஏற்றம் அதற்குப் பிறகுதான், பதினாறு கிலோமீட்டர் போல, மரங்களின் நிழலிலேயே வளைந்து வளைந்து போகும். மூட்டையோடு கடைசிக் கியரில் போட்டு உருட்டினால் நடக்கிற வேகத்தைவிடச் சற்று அதிகம் வரும். அவசரப்படாவிட்டால் அரைநாள் வேலை. வல்கார்லோஸிலேயே பாட்டில்களை நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே போகும்வரை ஊரே இல்லை. நடந்து போகிறவர்களின் மலைமுகட்டுப் பாதையைக் குளிர்காலத்தில், நவம்பர் முதல் மார்ச் வரை, மூடிவிடுவார்கள். நாம் போகிற தார்ச்சாலைக்கு அந்தத் தடை கிடையாது. ஆனால் பனியும் மூடுபனியும் அனுமதி கேட்டுக்கொண்டு வருவதில்லை.

உச்சியில் ஒரு சிறு தேவாலயமும் ரோலான் நினைவுக்கல்லும் இருக்கின்றன. 778-இல் பிராங்கு மன்னர் சார்லமேனின் பின்வரிசைப் படையை, அதிலிருந்த ரோலானோடு சேர்த்து, இந்த மலைப்பகுதி மக்களான பாஸ்க்குகள் மடக்கி அழித்தது இந்தப் பக்கத்தில்தான். அங்கிருந்து மிதிக்காமலே இறங்கினால் ரொன்செஸ்வயெஸ். யாத்திரிகர்களுக்காக நூற்றாண்டுகளாக நடக்கும் பழைய மடம் அங்கே இருக்கிறது. தனியாள் கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்புவது இந்த இடத்தில்தான்.

இங்கிருந்து ஸ்பெயினின் வடமேற்கிலுள்ள கிறிஸ்தவத் தலமான சந்தியாகோ வரை கமினோ யாத்திரைப் பாதை. 2024-இல் மட்டும் ஏறக்குறைய 5 லட்சம் பேர் சந்தியாகோ அலுவலகத்தில் யாத்திரைச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். அத்தனை பேர் நடக்கிற தடத்தில் தங்குமிடம், சாப்பாடு, மருந்துக்கடை, குடிநீர்க் குழாய் எல்லாம் ஒற்றை ஆளை மனதில் வைத்தே அமைந்திருக்கின்றன. அல்பெர்கே எனப்படும் சத்திரங்களில் படுக்கைக்கு இவ்வளவு என்றுதான் வாங்குவார்கள், பெரும்பாலும் பத்து பதினைந்து யூரோ. ராத்திரிச் சாப்பாடு ஒரே மேசையில். எதிரே உட்கார்ந்திருக்கிற கொரியாக்காரரோ இத்தாலிக்காரரோ நம்மிடம் முதலில் கேட்பது எங்கிருந்து கிளம்பினீர்கள் என்பதுதான். கடைக்குள் போகும்போது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலாறும் யாத்திரிகரிடம் கண்ணைக் காட்டினால் போதும், வண்டி பத்திரம்.

குறை இல்லாமல் இல்லை. நகராட்சிச் சத்திரங்களில் நடந்து வருகிறவர்களுக்குத்தான் முதல் உரிமை; சைக்கிள்காரர் மாலை வரை காத்திருக்க வேண்டி வரலாம். மே, செப்டம்பர் மாதங்களில் நெரிசல். முன்பதிவு ஏற்கிற தனியார் சத்திரங்களைக் கைவசம் வைத்திருப்பது நல்லது. இரவில் இருபது பேரின் குறட்டை இலவசம். நடைபாதையிலேயே மூட்டை கட்டிய சைக்கிளை ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். கல்லும் படியுமாக இருக்கும், நடப்பவர்களுக்கும் இடைஞ்சல். சாலையில் ஓட்டுவதே மேல். பம்ப்லோனாவிலிருந்து லொக்ரோன்யோ வரை என்.ஏ.-1110, அங்கிருந்து புர்கோஸ் பக்கம் என்-120. ஏ-12 நெடுஞ்சாலை வந்தபின் வண்டிகள் அதற்குப் போய்விட, இந்தப் பழைய சாலைகளின் பல பகுதிகள் காலியாகக் கிடக்கின்றன. ரொன்செஸ்வயெஸோடு ஏற்றம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். பம்ப்லோனா போவதற்குள் மெஸ்கிரிஸ், எர்ரோ என்று இரண்டு சின்னக் கணவாய்கள் இருக்கின்றன.

நடுவில் இன்னொரு வாசல் சொம்போர்ட், 1,632 மீட்டர். போ நகரத்திலிருந்து ஓலொரோன் வழியாக ஆஸ்ப் பள்ளத்தாக்கில் ஏற வேண்டும். பள்ளத்தாக்குச் சாலையில் பாதி நேரம் லாரிகளுக்கு ஒதுங்க வேண்டியிருக்கும். 2003-இல் திறந்த எட்டரைக் கிலோமீட்டர்ச் சுரங்கத்துக்குள் அவை புகுந்ததும் (சைக்கிளுக்கு அதில் அனுமதி இல்லை) மேலே போகிற பழைய சாலை நமக்கே நமக்கு. இறங்கினால் கான்ஃபிராங்க். மலைக்கு நடுவே அரண்மனை போலக் கட்டி 1928-இல் திறந்த ரயில் நிலையம். 1970-இல் ஒரு விபத்தில் பிரெஞ்சுப் பக்கத்துப் பாலம் உடைந்ததோடு எல்லை தாண்டும் ரயில் நின்றுபோனது. நிலையக் கட்டடம் இப்போது ஓட்டல். காட்சிக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் என் முதலிடம் இதற்குத்தான். தனியாகப் போகிற முதல் பயணத்துக்கு மட்டும் வேண்டாம். அரகோன் பக்கத்தில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே வெறுமை, யாத்திரிகர்கள் மிகக் குறைவு, பழுதானால் பிரெஞ்சுப் பக்கத்தில் பெதூஸுக்கு மேலே ரயிலே கிடையாது.

கிழக்கு ஓரத்தின் கதை காற்றின் கதை. ஜெனீவா ஏரியிலிருந்து மத்தியதரைக் கடல் வரை 815 கிலோமீட்டர் நீளும் வியாரோனா பாதையில் லியோனில் ஏறிக்கொண்டால், ரோன் பள்ளத்தாக்கில் வடக்கிலிருந்து அடிக்கும் மிஸ்த்ரால் முதுகைப் பிடித்துத் தள்ளும். எதிர்த்திசையில் வருகிறவர் முகத்தைப் பார்த்தால் நம் அதிர்ஷ்டம் புரியும். நார்போன் தாண்டியதும் துரமோந்தான் என்ற வேறு காற்று. இது பக்கவாட்டில் அடிக்கும். இரு பக்கமும் பை தொங்கும் வண்டிக்கு அது கப்பல் பாய் விரித்தது போலத்தான். ஒரு வீச்சில் சாலை நடுவுக்குத் தள்ளிவிடும். அடிக்கிற நாளில் ஓட்டாமல் இருப்பதே புத்தி.

வழியில் பெசியே பக்கம் 'கனால் து மிதி' என்ற பழைய கால்வாய் வரும். 1666 முதல் 1681 வரை பியேர்-போல் ரிக்கே வெட்டியது. கரையில் நிழல் தந்த ப்ளேன் மரங்களை 2006 முதல் ஒரு பூஞ்சை நோய் தின்று, ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டார்கள். படத்தில் பார்த்த பச்சைக் குகையை எதிர்பார்த்துப் போனால் பல இடங்களில் மொட்டை வெயில்தான். இந்தப் பகுதிக் கரைப்பாதையும் வேரும் மேடுமாக முதுகை உலுக்கும்.

மலை கடலில் இறங்கும் இடம் கொலியூர், பன்யுல்ஸ், செர்பேர். உயரம் குறைவு, ஆனால் குறுகிய கடலோரச் சாலை, கோடையில் கார்கள் வரிசை. இந்தச் சாலையை வெறும் காட்சிக்காக ஓட்ட முடியாது. 1939 பிப்ரவரியில் பிராங்கோவின் படைக்குத் தப்பி ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் இந்தப் பக்கத்துக் கணவாய்கள் வழியே பிரான்சுக்குள் நடந்தே வந்தார்கள். கவிஞர் அந்தோனியோ மச்சாதோ கொலியூர் வந்து சேர்ந்து சில வாரங்களில் இறந்தார். அடுத்த ஆண்டே எதிர்த்திசையில் நாஜிகளுக்குத் தப்பி மலையேறி வந்த வால்ட்டர் பெஞ்சமின், போர்ட்போவில் உயிர் விட்டார். இரண்டு ஊரிலும் இறங்கிப் பாருங்கள்.

ரயில் வசதியில் இந்த வழியை மற்றவை நெருங்க முடியாது. அவிஞ்ஞோனிலிருந்து பார்சலோனா வரை தண்டவாளம் கூடவே வருகிறது. ஸ்பெயினின் பழைய தண்டவாள அகலம் 1,668 மில்லிமீட்டர், பிரான்சுடையது 1,435. அதனால் கடலோர உள்ளூர் ரயிலில் போனால் எல்லையில் மாற வேண்டும், அவ்வளவுதான். ஜிரோனா சைக்கிள்காரர்களின் ஊர், நல்ல பழுதுபார்க்கும் கடைகள் உண்டு. பார்சலோனாவுக்குத் தெற்கே ஏ.பி.-7 நெடுஞ்சாலையில் சுங்கக் கட்டணத்தை எடுத்தபின் லாரிகள் பல அங்கே போய்விட்டன. நாம் போகிற பழைய சாலையான என்-340 முன்னைவிடப் பரவாயில்லை. ஆனால் ஓட்டல் வாடகை, நகரங்களில் சைக்கிள் திருட்டு, பேச ஆளில்லாத உல்லாசக் கடற்கரைகள் எல்லாம் தனியாளுக்கு எதிராகவே நிற்கின்றன. அக்டோபர் பாதியிலிருந்து ஏப்ரல் வரை கிளம்புகிறவர் மட்டும் யோசிக்காமல் இதை எடுக்கலாம். மற்ற வழிகளில் அப்போது முகாம் மூடியிருக்கும், மேலே பனி இருக்கும்.

ஆக, கோடையின் தொடக்கத்திலோ செப்டம்பர் முதல் பாதியிலோ முதன்முறை தனியாகக் கிளம்புகிறவருக்கு என் ஓட்டு இப்படி: நாந்தில் தொடங்கி அட்லாண்டிக் ஓரமாகப் பயோன் வரை, அங்கே உள்நாட்டுக்குத் திரும்பி இபான்யெத்தா. ஏற்றம் வருவதற்குள் கால் பழகியிருக்கும். தனிமை அலுக்கிற நேரத்தில் ஆட்கள் வந்து சேர்வார்கள். முழங்கால் முனகினால் அப்போது ஆந்தாய் பக்கம் போய்க்கொள்ளலாம். வீட்டில் உட்கார்ந்து இதை முடிவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை. ஜூலை, ஆகஸ்ட் மட்டும்தான் விடுமுறை என்றால் புர்கோஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கப்பால் லெயோன் வரை நிழலில்லாத பீடபூமி.

சில்லறை விஷயங்கள். பிரெஞ்சுச் சிற்றூர்களில் ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இருக்காது, பல ஊர்களில் திங்களும் அப்படியே. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் கல்லறைத் தோட்டத்தில் குழாய் இருக்கும், கூச்சப்படாமல் போகலாம். குடிக்கக்கூடாது என்ற பலகை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஸ்பெயினில் இரண்டு மணிக்கு மேல் கடையடைப்பு, ராத்திரிச் சாப்பாடு ஒன்பதுக்குத்தான். மதியச் சாப்பாட்டை வயிறார முடித்துக்கொள்வது நல்லது. சைவக்காரர்கள் கவனிக்க: அங்கே 'வெஹெத்தால்' என்று விற்கும் ரொட்டிக்குள் பெரும்பாலும் சூரை மீன் இருக்கும். உருளைக்கிழங்கு முட்டை அடை எங்கும் கிடைக்கும், முட்டை சாப்பிடுகிறவர் பிழைத்துக்கொள்வார். ஊருக்கு வெளியே ஓட்டும்போது ஸ்பெயினில் ஹெல்மெட் கட்டாயம்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டின் தூதரகத்தில்தான் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலும் சமமான நாட்கள் என்றால் முதலில் நுழைகிற நாடு. சந்தியாகோ வரை போகிற திட்டமானால் ஸ்பெயின் நாட்களே கூடுதலாகிவிட வாய்ப்புண்டு, கூட்டிப் பார்த்துவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள்.

திரும்பி வருவதையும் இப்போதே யோசித்துவிட வேண்டும். சந்தியாகோவில் முடித்தால் அங்கே தபால் நிலையத்திலேயே சைக்கிளுக்கு அட்டைப்பெட்டி கொடுத்து அனுப்பி வைக்கிற சேவை உண்டு. புர்கோஸில் முடிக்கிறவர் வடக்கே பில்பாவோவுக்கு உள்ளூர் ரயில் பார்ப்பது நல்லது. லண்டன் பக்கம் போக வேண்டியவர்களுக்கு அங்கிருந்து போர்ட்ஸ்மவுத்துக்குக் கப்பல் இருக்கிறது. சைக்கிளைக் கழற்றவே வேண்டாம், உருட்டிக்கொண்டே ஏறலாம். அதிவேக ரயில்களில் முழு வண்டியை அப்படியே ஏற்ற முடியும் என்று மட்டும் நம்பிப் பயணச்சீட்டு எடுத்துவிடாதீர்கள், பிரான்சில் பலவற்றில் பாகம் பிரித்துப் பையில் போட்டால்தான் அனுமதி.